தாத்தா வீட்டுக் கொல்லைக் கக்கூஸ்: இடிக்கணுமா, வச்சுக்கணுமா?

டிகிரிகாப்பி:
கும்பகோணம் பக்கத்துல எங்க தாத்தா வீடு. பங்கு பிரிச்சதுல பின்கட்டும் கொல்லையும் என் பேருக்கு வந்திருக்கு. வாசல்லேந்து ரேழி, கூடம், முற்றம், ரெண்டாங்கட்டு, கிணத்தடி, மாட்டுக்கொட்டில்னு நேர்கோட்டுல போகும். கடைசியில மதிலை ஒட்டி ஓட்டுக்கூரை போட்ட கக்கூஸ், ரெண்டு படி ஏறி உள்ள போகணும். லீவுக்கு வந்த பேரப்பசங்க எல்லாரும் சொம்பும் கையுமா வரிசையில நின்ன இடம். 80-கள்ல வீட்டுக்குள்ளயே கழிப்பறை கட்டினப்புறம் இதை யாரும் தொடலை. ஓடு சரிஞ்சிருக்கு, சுவர் மட்டும் சித்துக்கல்லும் (சின்னச் செங்கல்) சுண்ணாம்புக்காரையுமா அப்படியே நிக்குது.

சித்தப்பா பையன் எல்லாத்தையும் இடிச்சு, கொல்லையில சிமெண்ட் போட்டு கார் நிறுத்தலாம்ங்கறான். எனக்கு மனசு வரலை. பவழமல்லி, நாரத்தை, கறிவேப்பிலை இன்னும் இருக்கு. கிணத்தடித் தண்ணி ஓடற வாய்க்கால்ல சேம்பு தானா முளைச்சிருக்கு. கக்கூஸுக்கு ஓடு மாத்தி, மம்பட்டி, கடப்பாரை, விதைப்பானை வைக்கிற அறையா ஆக்கிடலாம்னு யோசிக்கறேன். பழைய அமைப்பும் கெடாது. படம் போட்டிருக்கேன், பாத்துட்டுச் சொல்லுங்க.

பின்சந்து:
படம் பாத்தேன் சார். முன்பக்கம் மட்டும் எடுத்திருக்கீங்க. பின்சுவத்துல, முழங்காலுக்கும் கீழ, ஒரு ஓட்டை இருக்கும். தகரமோ பலகையோ தொங்கும், சந்துப் பக்கம் திறக்கும். அதையும் ஒரு படம் எடுத்துப் போடுங்க.

எங்க பாட்டி உங்க மாதிரி வீடுகளை அந்த ஓட்டை வழியாத்தான் பாத்தாங்க. காவிரிக்கரை ஊர் ஒண்ணுல நகராட்சி வேலை. விடியறதுக்கு முன்னாடி சந்துல நுழைஞ்சு, தகரத்தைத் தூக்கி, தகட்டால வழிச்சு, கூடையில போட்டு, சாம்பலைத் தூவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகணும். மழையில கூடை ஒழுகி கழுத்து வழியா இறங்கும். அதுக்காகவே தலைச்சும்மாட்டுக்கு மேல பழைய துணியைச் சுருட்டி வச்சுக்குவாங்க. வீட்டுக்குள்ள முற்றம் இருக்கா, பவழமல்லி இருக்கான்னு எங்க பாட்டிக்குத் தெரியாது. எத்தனை பேர் இருக்காங்க, யாருக்கு வயித்துப்போக்குங்கறது மட்டும் தெரியும்.

இடிங்க சார். மம்பட்டி வைக்க வேற இடமா இல்லை?

பழையபேப்பர்:
இவர் கேட்டது கொல்லையைக் காப்பாத்தறது பத்தி. அதுக்குள்ள ஜாதியைக் கொண்டு வரணுமா? அந்தக் காலத்துல எல்லா ஊர்லயும் எடுப்புக் கக்கூஸ்தான். லண்டன்லயும் ராத்திரி வண்டியில வந்து அள்ளிட்டுப் போனாங்க. எங்க வீட்டுக்கு வர அம்மாவுக்கு தீபாவளிக்குப் புதுப் புடவை, பொங்கலுக்கு அரிசி வெல்லம் எல்லாம் கொடுப்போம். மரியாதையாத்தான் நடத்தினோம். பழசு எல்லாத்தையும் குத்தமாவே பாத்தா ஒரு வீடுகூட மிஞ்சாது.

பின்சந்து:
புடவையை எங்க வச்சுக் கொடுத்தீங்க ஐயா? கையிலயா, கொல்லைக் கதவுக்கு வெளிய தரையிலயா?

லண்டன்ல அள்ளினவன் பிள்ளையும் அள்ளித்தான் ஆகணும்னு பிறப்பை வச்சு எழுதலை. இங்க ஜாதியை நான் கொண்டு வரலை. அந்தச் சந்தே அதுக்காகத்தான் விட்டது. அள்ளறவங்க தெருப்பக்கம் வரக்கூடாதுன்னுதானே வீட்டுக்குப் பின்னால தனிப்பாதை?

வளையல்:
ரெண்டு பேரும் ஆம்பிளைங்க பேச்சாவே பேசறீங்களே, நான் ஒண்ணு சொல்லட்டுமா.

எங்க பாட்டி வீடு மாயவரம் பக்கம். ஆம்பிளைகளுக்கு ஆத்தங்கரை இருந்துது, தென்னந்தோப்பு இருந்துது. அந்தக் கக்கூஸ் பொம்மனாட்டிகளுக்குத்தான். அதுவே பெரிய வசதின்னு நினைச்சாங்க, ஏன்னா பக்கத்துத் தெருவுல அதுவும் கிடையாது. ஆனா சாயங்காலம் விளக்கு வச்சா எங்க பாட்டி தண்ணி குடிக்க மாட்டா. ராத்திரி போகணும்னா ஒருத்தியை எழுப்பி, அரிக்கேன் விளக்கைத் தூக்கிண்டு, மாட்டுக்கொட்டிலைத் தாண்டி, தரையைக் கழியால தட்டிண்டே போகணும். ஐப்பசி மழையில பாம்பு எங்க இருக்கும்னு தெரியாது. இந்தப் பழக்கம் பாட்டிக்குக் கடைசி வரைக்கும் போகலை. வீட்டுக்குள்ள டைல்ஸ் போட்ட கழிப்பறை வந்தப்புறமும் ஆறு மணிக்கு மேல சொம்பைத் தொட மாட்டா.

தூரம்னு உட்கார வச்ச இடமும் கொல்லைதான். கக்கூஸுக்குப் பக்கத்துல ஒரு சின்ன தாவாரம். மூணு நாளும் சோறு தூரத்துலேந்து வரும். பவழமல்லி வாசனை நல்லாத்தான் இருக்கும், நான் இல்லைங்கலை. அதை மூணு நாள் பாயில உட்கார்ந்து மோந்து பாத்தவ சொல்றேன்.

இன்னொண்ணு. கொல்லைத் தோட்டம் தோட்டம்னு உருகறேளே, கிணத்துலேந்து வாளி வாளியா இறைச்சது யாரு? தாத்தா திண்ணையில உட்கார்ந்து வெத்தலை போட்டார்.

டிகிரிகாப்பி:
எங்க பாட்டியும் அப்படித்தான் இறைச்சா, மறுக்கலை. அந்தத் தோட்டத்துல பாட்டியோட அறிவு இருக்கு, அதனாலதான் காப்பாத்தணும்ங்கறேன். குளிக்கிற தண்ணி வாழைக்கு, பாத்திரம் கழுவற தண்ணி சேம்புக்கு, அரிசி களைஞ்ச தண்ணி மாட்டுக்கு. அவரைப் பந்தலைப் பாத்திக்கு வடக்குப் பக்கமாப் போட்டா நிழல் கீரைப்பாத்திமேல விழாது. அடுப்புச் சாம்பல் புடலைக்கும் அவரைக்கும். தண்ணி வெளிய போற வழியே கிடையாது. சிமெண்ட் போட்டா இத்தனையும் தெருச் சாக்கடைக்குத்தான் போகும்.

மேஸ்திரிமகன்:
தோட்டத்துக்கு என் ஓட்டு உண்டு. கக்கூஸ் விஷயத்துல ஒரு வேலைக்காரனாப் பேசறேன்.

மொதல்ல சட்டம். எடுப்புக் கக்கூஸ் கட்டறதையும் மனுசன் கையால அள்ள வைக்கறதையும் தடை பண்ணி 1993-ல ஒரு சட்டம் வந்துச்சு. அது காகிதத்துலயே கிடந்துச்சு. 2013-ல வந்த சட்டம் இன்னும் கறார். அந்த மாதிரி கழிப்பறை இருந்தா வீட்டுக்காரரே சொந்தச் செலவுல இடிக்கணும், இல்லைன்னா சுகாதாரக் கழிப்பறையா மாத்தணும். உங்களோடது புழக்கத்துல இல்லாததால யாரும் கேஸ் போட மாட்டாங்க. ஓட்டையை அடைச்சு சாமான் அறையாக்கினா அதுக்கப்புறம் அது வெறும் அறைதான்.

ரெண்டாவது, கொல்லையில ஒரு கழிப்பறை எப்படியும் வேணும், வேலை செய்யறவங்களுக்காவது. செப்டிக் டேங்க் வேண்டாம்னு சொல்வேன். ரெட்டைக்குழி போடுங்க. அஞ்சு பேருக்கு ஒவ்வொரு குழியும் ஒரு மீட்டர் விட்டம் போதும். சுவத்துச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கணும், தண்ணி மண்ணுல ஊறிடும். ஒரு நேரத்துல ஒரு குழிதான். அது நிரம்ப சுமார் மூணு வருசம் ஆகும், அப்ப அடைச்சுட்டு அடுத்ததுக்குத் திருப்பி விடணும். மூடின குழி ரெண்டு வருசத்துல நாத்தமில்லாத எருவாயிடும். பீகார்ல 1970-ல சுலப்ங்கற கழிப்பறை அமைப்பை ஆரம்பிச்ச பிந்தேஸ்வர் பாடக் இதைத்தான் ஊர் ஊரா கொண்டு போனாரு. மனுசன் அள்ளறதை ஒழிக்கணும்ங்கறதுதான் அவரோட கணக்கு.

டெல்டாவுல ஒரு சிக்கல் இருக்கு. மேட்டூர் தண்ணி திறந்து வாய்க்கால்ல ஓட ஆரம்பிச்சா நிலத்தடி நீர் மேல ஏறிடும், ஐப்பசி கார்த்திகையில கைக்கெட்டற ஆழத்துல நிக்கும். குழியைத் தரைமட்டத்துக்கு மேல தூக்கிக் கட்டணும், அடியை அடைக்கணும், சுத்தி அரை மீட்டர் கனத்துக்கு மணல் போடணும். கிணறு குறைஞ்சது 10 மீட்டராவது தள்ளி இருக்கணும். உங்க படத்துல கிணத்துக்கும் கக்கூஸுக்கும் அவ்வளவு தூரம் தெரியலையே?

டிகிரிகாப்பி:
கிட்டத்தட்ட ஏழு மீட்டர்.

பனங்கொட்டை:
யாழ்ப்பாணத்தில இருந்து எழுதிறன். நீங்கள் ஏழு மீற்றர் எண்டு சொல்ல எனக்கு எங்கட வளவு நினைவு வருது. எங்கட அம்மம்மா வீட்டிலயும் இதே மாதிரித்தான், கிணத்தடியைச் சுத்தி வாழை, தேசி, கமுகு, பூவரச வேலி, மூலையில கக்கூசு. ரவுண் பக்கத்தில வாளிக் கக்கூசு, அதையும் ஆக்கள் வந்துதான் எடுத்தவை. பேந்து எல்லாரும் குழி வெட்டினம். எங்கட நிலம் சுண்ணாம்புக்கல். வெடிப்புக்குள்ளால தண்ணி வடிபடாமல் நேர போய்க் கிணத்தில சேரும். இப்ப குடாநாட்டுக் கிணறுகளில நைத்திரேற்று கூட எண்டு ஆய்வு எல்லாம் சொல்லுது. தோட்டத்துக்குப் போடுற உரமும் காரணம், கக்கூசுக் குழியும் காரணம். அம்மம்மா குடிச்ச தண்ணி எண்டு சொல்லி நாங்களும் குடிச்சுக்கொண்டுதான் இருந்தனாங்கள்.

தோட்டத்தை வையுங்கோ. கிணத்துத் தண்ணியைக் கொண்டுபோய்ச் சோதியுங்கோ. கொல்லை எண்டு கண்ணீர் விடுறது அதுக்குப் பிறகு.

பழையபேப்பர்:
செப்டிக் டேங்க்ல என்ன தப்பு? ஊரே அதைத்தான் வச்சிருக்கு.

பின்சந்து:
அது நிரம்பினா யாரைக் கூப்பிடுவீங்க? லாரி வரும், குழாய் எட்டாத இடத்துக்கு ஒரு ஆள் இறங்குவான். 1993-லேந்து சாக்கடையிலயும் செப்டிக் டேங்க்லயும் செத்தவங்க கணக்குல தமிழ்நாடுதான் முதல் இடம்னு ஒன்றிய அரசே நாடாளுமன்றத்துல சொல்லியிருக்கு. செத்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம்னு 2014-ல உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023-ல 30 லட்சம் ஆச்சு. எடுப்புக் கக்கூஸ் போச்சு, சந்தும் போச்சு, இறங்கறவன் மட்டும் அதே தெருவுலேந்துதான் வரான். நீங்க புடவை கொடுத்த அம்மாவோட பேரனா இருக்கும்.

வளையல்:
பின்சந்து அண்ணா, நீங்க சொல்றதெல்லாம் சரி. ஆனா இடிக்கறதுல எனக்கு ஒப்புதல் இல்லை. இடிச்சுட்டா இந்த வீட்டுல கொல்லை இருந்தது, மரம் இருந்தது, பாட்டி இருந்தான்னுதான் மிஞ்சும். உங்க பாட்டி வந்த ஓட்டை போயிடும். சாமான் அறையாக்கி வெள்ளை அடிச்சா அதுவும் போயிடும். ஓடு மாத்தாம, ஓட்டையை அடைக்காம, அப்படியே விடட்டும். பசங்க கேட்டா சொல்லட்டும்.

பின்சந்து:
யார் வீட்டுப் பசங்க கேப்பாங்க அக்கா? எங்க வீட்டுப் பசங்களுக்கு யாரும் காட்ட வேண்டியதில்லை. எங்க அம்மா சந்துல போகும்போது இன்னமும் மூக்கைப் பொத்துவாங்க, இப்ப அங்க நாத்தமே இல்லைன்னாலும். டெல்லியில சுலப் 1992-லயே கழிப்பறை அருங்காட்சியகம் வச்சிருக்கு, பிரெஞ்சு ராஜா உட்கார்ந்த சிம்மாசனத்தோட நகல்கூட இருக்கு. உட்கார்ந்தவங்களை ஞாபகம் வச்சுக்க நம்ம ஊர்ல ஆளுக்குக் குறையே இல்லை. இவர் கேட்டதும் அந்த வரிசை நின்ன ஞாபகத்தைத்தான். அந்த ஞாபகத்துக்கு ஓடு மாத்தணும்ங்கறார்.

டிகிரிகாப்பி:
நேத்து போய்ப் பாத்தேன். பின்படம் போட்டிருக்கேன். ஓட்டையைச் செங்கல் வச்சு எப்பவோ அடைச்சிருக்காங்க, காரை நிறம் மாறித் தெரியுது. சந்து இப்ப சந்தாவே இல்லை, ரெண்டு பக்கத்து வீடும் மதிலைத் தள்ளிக் கட்டிட்டாங்க. எங்க மதிலும் ஒரு முழம் சந்துக்குள்ளதான் போயிருக்கு, அப்பாவோட காலத்துல.

தாத்தா கட்டின சுவத்தை ஒரே நாள்ல தள்ள எனக்கு இன்னும் மனசு வரலை, அதை நீங்க எப்படி எடுத்துக்கிட்டாலும் சரி. ஆனா ஏழு மீட்டர்ல கழிப்பறை போட முடியாது, மம்பட்டியை மாட்டுக்கொட்டில்லயே வச்சுக்கலாம். அப்படின்னா அந்த அறைக்கு வேலையே இல்லை. ரெட்டைக்குழியை எதிர்மூலைக்குத் தள்ளினா கிணத்துலேந்து 12 மீட்டர் வருது, ஆனா நாரத்தை போயிடும். மேஸ்திரி, இதைப் பிரிச்சா செங்கல் தேறுமா?

மேஸ்திரிமகன்:
தேறும். சுண்ணாம்புக்காரை, லேசா தட்டினா முழுசா வரும், சிமெண்ட்டா இருந்தா பாதி உடையும். மேல் வரிசையைத் தனியா அடுக்குங்க, பாத்திக்கு வரப்பு கட்ட அருமையா இருக்கும். அடி வரிசையை கிணத்து மேடைக்குப் போட்டுடாதீங்க. எடுத்து வெயில்ல போட்டு, நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டு அப்புறம் பாத்துக்கலாம். நாரத்தையை இப்பவே பதியம் போட்டு வைங்க, ஆடிக் காத்து முடியறதுக்குள்ள வேர் பிடிச்சிடும்.

பின்சந்து:
கழுவறதுக்கு எங்க தெருவுல ஆள் கேக்காதீங்க சார். சித்தப்பா பையனைக் கூப்பிட்டுக்குங்க.