பட்டிங்: அடிக்கும்போது கண்ணை எங்க வைக்கிறீங்க?

கே.கே.நகர்வாசி:
மதுரையில இருந்துக்கிட்டு கோல்ஃப் ஆடுறேன்னு சொன்னா, "எங்கப்பா, தமுக்கத்துலயா?"ன்னு கேக்குறாங்க. வத்தலக்குண்டு வழியா மலை ஏற வேண்டியதுதான். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895லயே ஆரம்பிச்சது. நண்பர் அங்க மெம்பர், அவர் கூப்பிடும்போது போவேன்.

தூர அடியெல்லாம் ஒரு மாதிரி வந்துரும். கிரீன்ல, அதான் குழியைச் சுத்தி ஒட்ட வெட்டின புல்தரையில, பட்டர்ங்குற மட்டையால பந்தை உருட்டிக் குழியில விடணும், அதுதான் பட்டிங். குழிக்கு நாலடி தள்ளி பந்து நிக்கும்போதுதான் கை உதறும். மனசை ஒருமுகப்படுத்துன்னு ஆளாளுக்குச் சொல்வாங்க. எதுலன்னு யாரும் சொல்றதில்ல.

சொன்னவர் என் பையைத் தூக்கிட்டு வந்த அண்ணன்தான். நான் குனிஞ்சு நிக்க, அவர் எதிர்ல குத்தவச்சு என் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தார். "சார், பந்து, குழி, பட்டர்னு உங்க கண்ணு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுது. அடிச்ச வேகத்துல தலையத் தூக்கிர்றீங்க. பந்தோட பின்பக்கம் ஒரு புள்ளியப் பிடிங்க. பந்து போனப்புறமும் அந்தப் புல்லையே பாருங்க. விழுந்தா சத்தம் கேக்கும்ல?"

வீட்டுக்கு வந்து தேடினா, கனடாவுல கால்கரி பல்கலைக்கழகத்து ஜோன் விக்கர்ஸ் இதைத்தான் ஆராய்ஞ்சிருக்காங்க, 1992ல. கண் அசைவைப் பதிவு பண்ற கருவியை மாட்டிவிட்டுப் பாத்தா, நல்லா ஆடுறவங்க பார்வை அடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு வினாடி போல பந்து மேல அசையாம நிக்குதாம். சுமாரா ஆடுறவங்களுக்குத் தாவிக்கிட்டே இருக்குதாம். "குவயட் ஐ"ன்னு பேரு வச்சிருக்காங்க. அண்ணனுக்கு அந்தப் பேரெல்லாம் தேவைப்படல.

இப்ப ஹால்ல கார்ப்பெட் விரிச்சு, பந்துக்கு அடியில ஒரு ரூபாய் காசு வச்சுப் பழகுறேன். பந்து போனதும் காசுல இருக்குற வருஷத்தை வாசிச்சிட்டுத்தான் நிமிரணும். எதிர்ல எவர்சில்வர் டம்ளர் படுத்துக் கிடக்கும். நிஜக் குழி 108 மில்லிமீட்டர் அகலம், டம்ளர் வாய் அதுல முக்கால்வாசிகூட இருக்காது. அதனால மலையில போய் நின்னா குழி பெருசாத் தெரியுது. வீட்டம்மா மத்தியானம் தூங்குற நேரத்துல மட்டும் டம்ளருக்கு லீவு.

ஒண்ணு சொல்லிடுறேன். இது சரிவைக் கணிச்சுத் தராது. அது தப்பினா கண்ணு எவ்வளவு நிலையா நின்னாலும் பந்து பள்ளத்தைப் பாத்துத்தான் ஓடும். கொடைக்கானல்ல மேடு எது பள்ளம் எதுன்னே குழப்பிவிடும்.

தேனிக்காரன்:
நான் நேர் எதிர் கட்சி சார். கிட்ட இருந்து அடிக்கும்போது பந்தையே பாக்குறதில்ல, குழியைத்தான் பாப்பேன். 2015ல மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில ஜெயிச்ச ஜோர்டன் ஸ்பீத்தும் சின்ன பட்டிங்ல அப்படித்தான் அடிச்சார். பந்தை உத்துப் பாத்தா எனக்கு வேண்டாத யோசனையெல்லாம் வருது.

கே.கே.நகர்வாசி:
உங்களுக்கும் கண்ணு ஒரே இடத்துலதானே நிக்குது, அப்ப ரெண்டு பேரும் ஒரே கட்சிதான். ஆனா இருபதடியில நான் குழியைப் பாத்து அடிச்சப்ப பட்டர் தரையில உரசிருச்சு. தூரத்துக்கு நீங்க என்ன பண்றீங்க?