1984: தென்னாப்பிரிக்க இந்தியர்கள் நாடாளுமன்றத்தின் இந்தியர் அவைக்குள் போனது பிழையா?

பனைநிழல் எழுதியது:
தென்னாப்பிரிக்காவின் 1983ஆம் ஆண்டு அரசியலமைப்பு வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர் ஆகிய மூன்று பிரிவினருக்கும் நாடாளுமன்றத்தில் தனித்தனி அவைகளை அமைத்துக் கொடுத்தது. நாட்டு மக்களில் பெரும்பான்மையினரான கறுப்பின மக்களுக்கு ஓர் இருக்கையும் வைக்கவில்லை. அது அநீதி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 1984 ஆகஸ்டில் அந்த இந்தியர் அவைக்குப் போட்டியிட்டவர்களை எல்லாம் ‘துரோகிகள்’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது சோம்பேறித்தனம் என்று நினைக்கிறேன். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஏறி, டர்பனில் இறங்கிக் கரும்புத் தோட்டங்களுக்குப் போன கூலிகளின் வழிவந்தவர்கள் அந்நாட்டின் நிரந்தர மக்கள் என்பதையே வெள்ளை அரசு 1961இல்தான் ஒப்புக்கொண்டது. இடையில், எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டம் வந்து குடியிருந்த வீட்டிலிருந்து கிளப்பி, டர்பன் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கொண்டுபோய் வைத்தது. அப்படிப்பட்ட ஒருவரிடம் ‘உங்கள் பள்ளிக்கூடமும் வீட்டு வசதியும் இனி உங்களவர் பொறுப்பில்’ என்று சொன்னால், அவர் அதை எட்டிப் பிடிப்பதைக் குற்றம் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நாம் எப்படிச் சொல்ல முடியும்?

கணக்கப்பிள்ளை எழுதியது:
பனைநிழல் ஐயா, பெயருக்கு ஏற்றபடி நான் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். வெள்ளையர் அவையில் 178 பேர், கலப்பினத்தார் அவையில் 85 பேர், இந்தியர் அவையில் 45 பேர். மூன்று அவைகளும் சேர்ந்து உட்கார்ந்து வாக்களிப்பதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே வாக்களிக்கும். அவைகளுக்குள் முரண்பாடு வந்தால், குடியரசுத் தலைவர் அந்த மசோதாவை 60 பேர் கொண்ட தலைவர் மன்றத்துக்கு அனுப்பலாம். அங்கே எடுக்கும் முடிவே நாடாளுமன்றத்தின் முடிவாகிவிடும். அந்த மன்றத்துக்கு வெள்ளையர் அவை 20 பேரையும், கலப்பினத்தார் அவை 10 பேரையும், இந்தியர் அவை 5 பேரையும் அனுப்பும். மீதி 25 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். அந்தக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலோ 50 வெள்ளையர், 25 கலப்பினத்தார், 13 இந்தியர். எந்தப் பக்கத்திலிருந்து கூட்டிப் பார்த்தாலும் விடை ஒன்றாகவே வரும்படி போட்ட கணக்கு இது. நீங்கள் சொல்லும் பள்ளிக்கூடமும் வீடும் ‘தன் விவகாரம்’ என்ற பட்டியலில் இருந்தன என்பது மெய்தான். ஆனால் எது தன் விவகாரம், எது பொது விவகாரம் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் அதே குடியரசுத் தலைவரிடம்தான் இருந்தது.

பனைநிழல் எழுதியது:
கணக்கில் ஒரு திருத்தம். அந்த 25 பேரில் 10 பேர் எதிர்க்கட்சிகளின் பரிந்துரைப்படி நியமிக்கப்பட்டவர்கள். அத்தனை பேரும் தலைவரின் கைப்பாவைகள் என்ற தோற்றம் வரும்படி எழுதுவது நியாயமல்ல. இன்னொன்றையும் பாருங்கள். வெள்ளையர் அவைக்கான தேர்தலை 1989இலிருந்து 1992க்குத் தள்ளிவைக்கக் குடியரசுத் தலைவர் பி. டபிள்யூ. போத்தா விரும்பினார், அதற்கு மற்ற அவைகளின் சம்மதமும் தேவைப்பட்டது. குழுப் பகுதிச் சட்டத்தை நீக்கினால் பார்க்கலாம் என்று கலப்பினத்தார் அவையில் இருந்த தொழிற்கட்சியின் தலைவர் ஆலன் ஹென்ட்ரிக்ஸே விடாப்பிடியாக நின்றதால் அந்தத் திட்டம் நடக்கவில்லை. 1989 செப்டம்பர் 6 அன்று தேர்தல் நடந்தே தீர்ந்தது. வெளியே நின்று முழக்கமிட்டவர்களால் இதைச் செய்திருக்க முடியுமா?

கணக்கப்பிள்ளை எழுதியது:
திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன், அதை நான் சொல்லாமல் விட்டது பிழை. இப்போது திருத்திய கணக்கைப் பார்ப்போம். வெள்ளையர் அவையின் பெரும்பான்மைக் கட்சி தேர்ந்தெடுத்த 20 பேருடன், தலைவர் தம் விருப்பப்படி நியமித்த 15 பேரைக் கூட்டினால் 60இல் 35. ஆளும் தேசியக் கட்சிக்கு வேறு யாருடைய கையும் வேண்டியதில்லை. இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1986இல் காவல் துறையின் அதிகாரங்களைப் பெருக்கும் இரண்டு பாதுகாப்பு மசோதாக்களை மற்ற இரண்டு அவைகளும் ஏற்க மறுத்தபோது, தலைவர் மன்றம் அவற்றை நிறைவேற்றிக் கொடுத்தது. உங்கள் ஹென்ட்ரிக்ஸே கதையிலும் பாதியை விட்டுவிட்டீர்கள். 1987 ஜனவரியில் அவர் போர்ட் எலிசபெத்தில் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட கடற்கரையில் இறங்கி நீந்தினார். போத்தா வற்புறுத்தியதும் மன்னிப்புக் கேட்டார். மத்திய அமைச்சரவையில் இடம்பெற்ற ஒருவர் கடலில் குளித்ததற்கு மன்னிப்புக் கேட்க நேர்ந்த ஏற்பாடு அது.

அல்லிக்கொடி எழுதியது:
இருவருமே இருக்கைகளை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். கணக்கப்பிள்ளை அவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: மூன்று அவைகளுக்கும் சமமாக இடங்கள் தந்திருந்தால் அந்த ஏற்பாடு சரியாகியிருக்குமா? இரண்டு கோடிக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் வெளியே நிற்கும்போது, உள்ளே 45 பேரா 100 பேரா என்பது இரண்டாம் கேள்விதான்.

இந்தச் சலுகை முதன்முறையாக நீட்டப்பட்டதும் அல்ல. 1946இல் பிரதமர் ஸ்மட்ஸின் அரசு கொண்டுவந்த சட்டம் ஒன்று இருந்தது. மக்கள் அதைச் சேரிச் சட்டம் என்றே அழைத்தார்கள். அது ஒரு கையால் இந்தியர்களின் நில உரிமையைச் சுருக்கி, மறு கையால் நாடாளுமன்றத்தில் சில இடங்களை நீட்டியது. அந்த இடங்களில் உட்காரப்போகிறவர்களோ வெள்ளையர்கள். நேட்டால், டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரஸ்கள் அதை மறுத்து அறப்போரில் இறங்கின. சிறை சென்றவர்கள் இரண்டாயிரம் பேர் அளவில் இருந்தார்கள். அப்போது அதை மறுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் 1984இல் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள் என்பதைப் பனைநிழல் ஐயா மறந்துவிட்டார். அவர்கள் என்ன செய்தார்கள்? பதிவு செய்திருந்த இந்திய வாக்காளர்களில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினரும், கலப்பின வாக்காளர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரும் மட்டுமே வாக்களித்தார்கள். இங்கே உட்கார்ந்துகொண்டு நாம் எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டீர்கள். அங்கேயே இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

பனைநிழல் எழுதியது:
அம்மா, வாக்களிக்காதவர்கள் எல்லோரும் கொள்கைக்காகத்தான் வீட்டில் இருந்தார்கள் என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்? வாக்களிக்கப் போனால் ஊரார் என்ன சொல்வார்களோ என்ற அச்சம், அயலாரின் நெருக்குதல், வெறும் அலட்சியம் என்று எத்தனையோ காரணங்கள் இருந்திருக்கலாம். தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்ன இயக்கத்துக்கும் ஒரு கை பலம் இருந்தது என்பதை மறைக்க வேண்டாம்.

அல்லிக்கொடி எழுதியது:
அச்சத்தைப் பற்றிப் பேசுவதென்றால் முழுவதும் பேசலாம். கலப்பினத்தார் தேர்தல் ஆகஸ்டு 22, இந்தியர் தேர்தல் ஆகஸ்டு 28. அதற்கு முன்பாகவே, இந்த அரசியலமைப்பை எதிர்த்து நின்ற ஐக்கிய ஜனநாயக முன்னணியையும் நேட்டால் இந்தியக் காங்கிரஸையும் சேர்ந்த தலைவர்களை அரசு விசாரணையின்றிப் பிடித்து வைத்தது. நீதிமன்றம் விடுவித்தும், மறுபடியும் பிடிக்க உத்தரவு வந்தது. அந்த ஆண்டுதான் ராபன் தீவில் 20 ஆண்டுச் சிறைவாசத்தை முடித்து வெளியே வந்திருந்த பில்லி நாயர் உட்பட ஆறு பேர், செப்டம்பரில் டர்பனில் இருந்த பிரிட்டிஷ் துணைத் தூதரகத்துக்குள் புகுந்து அடைக்கலம் கேட்க வேண்டியதாயிற்று. நெருக்குதல் எந்தப் பக்கம் கனமாக இருந்தது என்று நீங்களே எடைபோட்டுக்கொள்ளுங்கள். அலட்சியம் என்பதும் பொருந்தவில்லை: 1981இல் இதே அரசு ஆலோசனை மட்டும் கூறும் இந்தியர் பேரவைக்கு நடத்திய தேர்தலில் வாக்களித்தவர்கள் பத்தில் ஒருவர் அளவுதான். மூன்றாண்டு இடைவெளியில் இரண்டு முறை இப்படி நடந்தால் அதற்கு வேறு பெயர்.

பனைநிழல் எழுதியது:
1981ஐ நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாதம் வலுவானது. வாக்காளர்களில் பெரும்பாலோர் அந்த அவையைத் தங்களுடையதாக ஏற்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், போட்டியிட்டவர்கள் அத்தனை பேரையும் பதவி ஆசை பிடித்தவர்கள் என்று எழுதுவதை இப்போதும் ஏற்க மாட்டேன். தேர்தலைத் தள்ளிவைக்க மறுத்தது நடந்த செய்தி.

கணக்கப்பிள்ளை எழுதியது:
நடந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே போனதற்கு வெளியே கொடுத்த விலையையும் அதே ஏட்டில் எழுத வேண்டும். கறுப்பின மக்களுக்கு நாடாளுமன்றத்தில் இடம் மறுத்த அரசு, அதற்கு மாற்றாக 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்களுடைய குடியிருப்புகளுக்கு நகர மன்றங்களைக் கொடுத்தது. அவற்றுக்குப் போதிய வரி வருவாய்க்கு வழி செய்யவில்லை. வருவாய்க்கு மன்றங்கள் வீட்டு வாடகையைத்தான் உயர்த்த முடிந்தது. மூவவை அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1984 செப்டம்பர் 3 அன்றே வால் முக்கோணப் பகுதியின் செபோகெங், ஷார்ப்வில் ஆகிய கறுப்பினக் குடியிருப்புகளில் வாடகை உயர்வை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஷார்ப்வில் துணை மேயர் தம் வீட்டு வாசலிலேயே கொல்லப்பட்டார். அந்தக் கிளர்ச்சி நாடெங்கும் பரவி, அடுத்த ஆண்டே நெருக்கடி நிலை அறிவிக்கப்படும் அளவுக்குப் போயிற்று. நீங்கள் சொல்லும் 1989 செப்டம்பர் 6 தேர்தலிலும் மூன்று பிரிவினரும் மூன்று பட்டியல்களில்தான் வாக்களித்தார்கள். செபோகெங்கில் இருந்தவர்களுக்கு அன்றும் வாக்குச்சீட்டு இல்லை.