மலைக்குப் போகிற பையன்கள்: கோசா மக்களின் உல்வாலுகோ தேவையா?

கரிசல்மணி:
ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை வந்தாலே தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்திலிருந்து சாவுச் செய்தி வரத் தொடங்கிவிடுகிறது. கோசா இனத்துப் பையன்கள் ஊருக்கு வெளியே குடிசை போட்டுச் சில வாரங்கள் தங்கி, மயக்க மருந்து இல்லாமல் முன்தோலை வெட்டிக்கொண்டு ஆண்மகனாகத் திரும்பும் சடங்குக்கு உல்வாலுகோ என்று பெயர். ‘மலைக்குப் போவது’ என்பார்கள். 1995-க்குப் பிறகு இதில் இறந்தவர்கள் நூற்றுக்கணக்கில். உறுப்பை இழந்தவர்கள் தனி. 2014 டிசம்பரில் டைகர்பர்க் மருத்துவமனையில் உலகிலேயே முதன்முதலாக ஆணுறுப்பு மாற்று அறுவை வெற்றி பெற்றது. அது இந்தச் சடங்கில் உறுப்பை இழந்த இளைஞருக்குத்தான் நடந்தது. ஆஸ்பத்திரியில் முடிகிற காரியத்துக்கு உயிரை ஏன் கொடுக்க வேண்டும்? தடை செய்யுங்கள்.

கணக்கு வாத்தியார்:
தம்பி மணி, 80-களில் டிரான்ஸ்கையில் (இன்றைய கிழக்குக் கேப்பின் ஒரு பகுதி) கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். விடுமுறைக்கு முன் கடைசி பெஞ்சில் அரட்டை அடித்த பையன், திரும்பி வரும்போது கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு நிதானமாகப் பேசுவான். போகாதவனுக்கு முப்பது வயது ஆனாலும் ‘இங்குவெங்குவே’தான், அதாவது பையன். பெரியவர்கள் பேசும் இடத்தில் அவனுக்கு இடமில்லை. மண்டேலா 16 வயதில், 1934-இல், இம்பாஷே ஆற்றங்கரையில் வெட்டு வாங்கி ‘ந்தியிந்தோடா’ (நான் ஆண்மகன்) என்று கத்தினார். மற்றவர்கள் சட்டென்று கத்தினார்கள், தனக்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்று வெட்கப்பட்டதையும் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கடைசியில் உடம்பில் பூசிய வெள்ளைக் களிமண்ணை ஆற்றில் கழுவி, தங்கிய குடிசைக்குத் தீ வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பார்கள். இதை எந்த வார்டில் செய்வது?

வேப்பமரத்தடி:
நான் நர்ஸ். அந்த மாகாணத்தில் ஒரு மாவட்ட மருத்துவமனையில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். வெட்டு மட்டுமே கொல்வதில்லை. அதற்குப் பிறகு வரும் நாட்களும் கொல்கின்றன. தண்ணீர் குடித்தால் புண் ஆறாது என்று முதல் வாரம் தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். டிசம்பர் அங்கே கோடை. சிறுநீரகம் பழுதாகிறது. புண்ணுக்குப் போடும் துணிக்கட்டை இறுக்கிவிட்டால் ரத்த ஓட்டம் நின்று சதை அழுகுகிறது. சில இடங்களில் பார்த்துக்கொள்ள வேண்டிய ‘இகாங்கதா’வே இருபது வயதுப் பையன், குடித்திருப்பான். எல்லாவற்றையும் விடக் கொடுமை, காய்ச்சல் வந்தாலும் இறங்கி வர மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவன் ஆணும் இல்லை, பையனும் இல்லை என்று காலமெல்லாம் கேலி. என் வார்டில் ஒரு பையன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டே படுத்திருந்தான். பெயர் கேட்டால்கூடச் சொல்லவில்லை.

கணக்கு வாத்தியார்:
சிஸ்டர், அந்தக் குடிகாரப் பையன் மரபு இல்லை. சாவு அதிகம் நடப்பது எங்கே என்று பாருங்கள். அதே மாகாணத்தில் போண்டோ மக்கள் வாழும் போண்டோலாந்து பக்கம். அங்கே 19-ஆம் நூற்றாண்டிலேயே மன்னர் ஃபாக்கு சடங்கை நிறுத்திவிட்டார். பல தலைமுறை கழித்து அது திரும்ப வந்தபோது, கைப்பழக்கமுள்ள பெரியவர்கள் இல்லை. காசுக்காக எவனோ நடத்துகிறான். பெற்றோருக்குத் தெரியாமல் சின்னப் பையன்களைக் கூட்டிப்போவதும் நடக்கிறது. மரபு அறுந்த இடத்தில்தான் சாவு.

கரிசல்மணி:
ஐயா, நீங்களே என் பக்கம் வந்துவிட்டீர்கள். அத்தனை தலைமுறை போண்டோ ஆண்கள் வெட்டிக்கொள்ளாமலே கல்யாணம் செய்தார்கள், பிள்ளை பெற்றார்கள், ஊரை ஆண்டார்கள். அவர்கள் ஆண்கள் இல்லையா?

காயல் ரஹ்மான்:
எங்கள் வாப்பாவுக்கு வீட்டிலேயே ஒஸ்தா மாமா வந்து சுன்னத் செய்தார். எனக்கு ஆஸ்பத்திரியில் நடந்தது. விருந்து, மாலை, புதுச் சட்டை எதுவும் குறையவில்லை. வெட்டை மட்டும் டாக்டரிடம் கொடுத்துவிட்டு, மலையையும் குடிசையையும் அப்படியே வைத்துக்கொள்ளலாமே?

கணக்கு வாத்தியார்:
ரஹ்மான், நீங்கள் சொல்வது போலச் சில குடும்பங்கள் செய்கின்றன. ஆனால் உங்களுக்கு அது மார்க்கக் கடமை, அங்கே அது வலியைத் தாங்கிக் காட்டும் தேர்வு. மரத்துப்போகிற ஊசி போட்டுக்கொண்டு வந்தவனைக் கூட இருந்தவர்கள் ஏற்க மாட்டார்கள். அது தப்பு என்று நானும் நினைக்கிறேன். ஆனால் அதை மாற்ற வேண்டியவர்கள் மலைக்குப் போய் வந்த கோசா ஆண்கள்தான், நாம் இல்லை.

கரிசல்மணி:
சட்டம் இல்லாமலா இருக்கிறது? கிழக்குக் கேப்பில் 2001-லேயே ஒன்று வந்தது. 2021-இல் நாடு முழுவதற்கும் ஒன்று. 16 வயதுக்குக் கீழே கூடாது, பதிவு வேண்டும், முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனை வேண்டும். அதற்குப் பிறகும் பையன்கள் சாகிறார்கள். இன்னும் எத்தனை வருடம் பெரியவர்களுக்காகக் காத்திருப்பது?

வேப்பமரத்தடி:
மணி அண்ணே, தடை வந்தால் இறங்கி வருகிற கொஞ்சம் பேரும் பயந்து வர மாட்டார்கள். வாத்தியார் ஐயா, உங்களிடமும் ஒரு கேள்வி. நான் பெண், அந்தக் குடிசைப் பக்கமே போக முடியாது. மலைக்குப் போய் வந்த ஆண் நர்ஸ்தான் உள்ளே போய்க் கட்டைத் தளர்த்த வேண்டும். எங்கள் மருத்துவமனையில் அப்படி ஒரே ஒருவர் இருந்தார். ஒரு விடுமுறையில் எத்தனை குடிசைக்கு அவர் போவார்?