புதுப்பிப்பு: கோப்புகளை அழித்தும் இடம் வரவில்லை என்றேனே, தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: சர்வரில் 300 ஜிபி பழைய பேக்கப்பை அழித்தும் டிஸ்க் 94 சதவீதத்திலேயே நிற்கிறதே, ஏன் என்று. இசட்எஃப்எஸ் (டிஸ்கில் கோப்புகளைச் சேமிக்கும் அமைப்பு) ஸ்னாப்ஷாட்கள்தான் காரணம். ஸ்னாப்ஷாட் என்பது ஒரு நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையின் பதிவு; கோப்பை அழித்தாலும் அதன் இடத்தை இது பிடித்து வைத்திருக்கும்.

முதலிலேயே அவற்றின் மேல் சந்தேகம் இருந்தது. ஆனால் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நேரே 'யூஸ்டு' 12 எம்பி, 40 எம்பி என்றுதான் இருந்தது. எல்லாம் கூட்டினாலும் 2 ஜிபி தேறவில்லை. அங்கேதான் ஏமாந்தேன். 'யூஸ்டு' என்பது அந்த ஒரு ஸ்னாப்ஷாட்டை மட்டும் நீக்கினால் திரும்பும் இடம். ஒரே பிளாக்கை (டிஸ்கில் தரவு இருக்கும் துண்டை) இரண்டு ஸ்னாப்ஷாட்கள் பிடித்திருந்தால் அது எதன் கணக்கிலும் வராது. மொத்தம் தெரிய 'யூஸ்ட்பைஸ்னாப்ஷாட்ஸ்' மதிப்பைப் பார்க்க வேண்டும். பார்த்தேன், 311 ஜிபி!

அப்புறம் அழிக்க வேண்டிய முதல் ஸ்னாப்ஷாட்டின் பெயருக்கும் கடைசி ஸ்னாப்ஷாட்டின் பெயருக்கும் நடுவே சதவீதக் குறி போட்டு, அழிக்கும் கட்டளையை 'என்', 'வி' என்ற தேர்வுகளைச் சேர்த்து ஒத்திகையாக ஓட்டினேன். எதையும் தொடாமல் எவ்வளவு இடம் கிடைக்கும் என்று சொல்லிவிடும். சரி என்று 'என்'னை எடுத்துவிட்டு ஓட்டினால், ஒன்று மட்டும் 'பிஸி' என்று அடம்பிடித்தது. எப்போதோ நானே போட்ட ஹோல்டு (அழிக்க விடாமல் தடுக்கும் பூட்டு)! அதை விடுவித்ததும் எல்லாம் போயின.

இடம் உடனே திரும்பவில்லை. பின்னணியில் மெதுவாக விடுவிக்கிறது. பூலின் (இசட்எஃப்எஸ்ஸின் மொத்தச் சேமிப்பிடம்) 'ஃப்ரீயிங்' எண், அதாவது இன்னும் விடுவிக்க வேண்டிய இடத்தின் அளவு, பூஜ்யத்துக்கு இறங்கும்வரை பொறுத்திருந்தேன். இப்போது 61 சதவீதம். பழைய ஸ்னாப்ஷாட்களைத் தானாக நீக்கும் வரியையும் ஸ்கிரிப்டில் சேர்த்துவிட்டேன்.