கோபத்தோடு செய்தால் அது ஊழியமா?

சத்துவாச்சாரி மருமகள்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஒரு மாதமாக இதை மனசிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். எங்கள் சபையில் ஒருவரிடம் சொன்னால் அடுத்த வாரம் மாதர் சங்கம் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் மாமியாருக்கு 74 வயது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும், எங்களுக்குப் புரியும். மாமனார் சீக்கிரமே தவறிவிட்டார். அத்தை குடியாத்தத்தில் பீடி சுற்றித்தான் மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்தார்கள். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும், பக்கத்தில் நூல்கண்டு. நான் கல்யாணமாகி வந்தபோதும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். இப்போதும் மத்தியானத்தில் அவர்கள் இடது கை சும்மா இருக்காது. போர்வை ஓரத்தைப் பிடித்துச் சுருட்டும், கட்டைவிரலால் நுனியை உள்ளே மடக்கும், விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும். அதைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். அத்தை மேல் எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியில் வேலை. காலை ஏழு மணிக்கு வேன் ஏறினால் ராத்திரி எட்டாகும். கொழுந்தனார் ஓசூரில் இருக்கிறார். நாத்தனாருக்குச் சின்னப் பிள்ளைகள். ஆக, திருப்பிப் படுக்க வைப்பது, துடைப்பது, துணி மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் நான்தான். எங்களுடையது தளம் போட்ட ஒற்றை மாடி. வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும், ராத்திரி பத்து மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடும்.

போன மாதம் ஒரு நாள் காலையில் உடம்பு துடைத்து, பவுடர் போட்டு, விரிப்பு மாற்றி நிமிர்ந்தேன். அதற்குள் மறுபடி நனைத்துவிட்டார்கள். நான் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வெடுக்கென்று திருப்பினேன். முகத்தைப் பார்க்காமலே துணியை உருவினேன். கேழ்வரகுக் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, கட்டில் பக்கத்து முக்காலியில் டொக்கென்று வைத்துவிட்டுத் துணி துவைக்கப் பின்னால் போனேன். துவைத்து முடிந்த பிறகும் உள்ளே வரப் பிடிக்காமல் அங்கேயே நின்றேன்.

வந்து பார்த்தால் அத்தையின் வலது கை கட்டிலிலிருந்து சரிந்து, புறங்கை டம்ளர் மேல் சாய்ந்து கிடக்கிறது. அந்தக் கைக்குச் சூடு தெரியாது. அவர்கள் பாட்டுக்கு மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு இடது கையால் போர்வையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கையை எடுத்துப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளம். “இன்னாம்மா?” என்று கேட்டார்கள். “கொசு கடிச்சிருக்கு அத்தை” என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. அப்பமும் ரசமும் வாங்க நான் எழுந்து போகவில்லை, கடைசி வரிசையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆராதனை முடிந்ததும் ஒரு அக்கா என் கையைப் பிடித்து, “உன்னைப் போல பொறுமைசாலியைப் பார்த்ததில்லை, பரலோகத்தில் உனக்குப் பலன் உண்டு” என்றார்கள். அந்த வார்த்தை முள்ளாகக் குத்தியது. ஜெபிக்க உட்கார்ந்தால் அந்தக் கொப்புளம்தான் கண்ணில் நிற்கிறது.

கோபத்தோடு செய்கிற ஊழியத்தைக் கர்த்தர் ஊழியமாக எடுத்துக்கொள்வாரா? எனக்குப் பொறுமையே இல்லை என்றுதான் அர்த்தமா?

பாலாற்றங்கரை

சகோதரி, இன்று இரவு குடும்ப ஜெபத்தில் உங்களுக்காக ஜெபிக்கிறோம். 1 கொரிந்தியர் 13-ஐ ஒரு முறை வாசித்துப் பாருங்கள். அன்பு நீடிய சாந்தமுள்ளது என்றுதான் அந்தப் பட்டியலே ஆரம்பிக்கிறது. நாம் கேட்டால் அந்தச் சாந்தத்தைக் கர்த்தர் தருவார். சோர்ந்துபோகாதீர்கள்.

கரிகிரி பழைய நர்ஸ்

அம்மா, நான் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் பல வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். தம்பி சொன்ன வசனம் உண்மைதான். ஆனாலும் நீங்கள் இப்போது அதை வாசித்தால் இன்னும் குற்றவாளியாகத்தான் எழுந்திருப்பீர்கள். முதலில் என் வேலையிலிருந்து ஒன்று சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் நடந்தது எங்கள் வார்டில் தினம் நடப்பது. தொழுநோயில் விரல் தானாக அழுகி விழும் என்று ஒரு காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் அப்படி இல்லை என்று கண்டார். நரம்பு செத்துப்போவதால் வலி தெரியாது. வலி தெரியாததால் சூடான டம்ளரை அப்படியே பிடிப்பார்கள், அடுப்பிலிருந்து சட்டியை வெறுங்கையால் இறக்குவார்கள், ஆணி குத்தின காலோடு பஸ் ஸ்டாண்ட் வரை நடப்பார்கள். காயம், சீழ், மறுபடி அதே இடத்தில் காயம். விரல் குறைவது அப்படித்தான். வலி என்பது கடவுள் கொடுத்த வரம் என்று அவர் சொல்லிவந்தது இதை வைத்துத்தான். கேட்ட புதிதில் எனக்கு அது கொடுமையான பேச்சாகப்பட்டது. வலி தெரியாத கால்களை வருஷக்கணக்கில் கழுவிக் கட்டின பிறகுதான் விளங்கியது.

நாங்கள் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் சின்னச் சின்ன வேலை. தினம் கையையும் காலையும் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவு. உள்ளங்காலைத் திருப்பி வெளிச்சத்தில் பார். டம்ளரைத் துணி சுற்றிப் பிடி. எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு இல்லாமல் வெளியே போகாதே. உணர்ச்சி செய்ய வேண்டிய வேலையைக் கண் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது உங்களுக்கு வருகிறேன். மூன்று வருஷம் ஒரே ஆளாக இரவு பகல் தூக்கிப் புரட்டி, கோபமே வரவில்லை என்று எழுதியிருந்தால் நான் பயந்திருப்பேன். அந்த மாதிரி ஆட்களை வேலையில் பார்த்திருக்கிறேன். சிரித்த முகம், மரத்துப்போன மனசு. நோயாளி கூப்பிட்டால் காதிலேயே விழாது. உங்களுக்குக் கோபம் வந்தது, உடனே கொப்புளம் கண்ணில் பட்டது, ஒரு மாதமாக அதுவே உறுத்துகிறது. உங்கள் மனசுக்கு இன்னும் வலி தெரிகிறது அம்மா. எங்கேயோ காயம் ஆகிறது என்று அது சொல்கிறது. அந்த இடத்தைப் பார்க்க வேண்டும், மூடக்கூடாது.

அத்தை கைக்குச் சில காரியம். கொப்புளத்தை உடைக்காதீர்கள், பேஸ்ட், மாவு எதுவும் தடவாதீர்கள். இந்நேரம் ஆறியிருக்கும். ஆறவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். முக்காலியை இடது பக்கம் மாற்றிவிடுங்கள். வலது கைக்கு அடியில் எப்போதும் ஒரு தலையணை இருக்கட்டும். துடைக்கிற வெந்நீரை உங்கள் முழங்கையில் தொட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பும்போது வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் அது படுக்கைப் புண்ணின் ஆரம்பம். அந்த இடத்தைத் தேய்க்கக்கூடாது, அதன் மேல் பாரம் படாமல் படுக்க வையுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது.

கடைசியாக ஒன்று. கொசு கடித்தது என்று சொன்னீர்களே, அதை மட்டும் அத்தையிடம் சரி பண்ணிவிடுங்கள். உங்களை ஜெபிக்க விடாமல் நிற்பது கோபம் அல்ல, அந்தப் பொய் என்று எனக்குத் தோன்றுகிறது.

மஸ்கட்டில் இருக்கும் வாலாஜாக்காரி

அக்கா, நானும் நர்ஸ்தான். பெரியம்மா எழுதினதைப் படித்து அழுதுவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி யாருமே கேட்கவில்லை. அவங்க பெற்ற மூன்று பிள்ளைகள் எங்கே?

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று பெரியம்மா சொன்னது மருத்துவப்படி சரி. ஆனால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. ஆஸ்பத்திரியில் அந்த வேலையை மூன்று ஷிஃப்ட் ஆட்கள் பிரித்துச் செய்கிறோம். வீட்டில் அதை ஒரே பெண் செய்தால் அதற்கு ஊழியம் என்று பெயர் வைத்து, பரலோகத்தில் பலன் உண்டு என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் தூங்கப்போகிறார்கள். எனக்கு இதில் கோபம் வருகிறது, அதைப் பாவம் என்று நான் நினைக்கவில்லை.

அண்ணன் வேலைக்குப் போகிறார், சரி. ராத்திரி பத்து மணி முறையும் விடியற்காலை நான்கு மணி முறையும் அவர் எடுக்கலாமே? தன் அம்மாவைத்தானே திருப்பப்போகிறார்? ஓசூர் தம்பி மாதத்தில் இரண்டு நாள் வந்து படுக்கட்டும். நீங்கள் கேட்டிருக்கிறீர்களா அக்கா? நிறைய வீடுகளில் யாரும் கேட்பதே இல்லை.

இன்னொன்று. மக்களைத் தேடி மருத்துவம் என்கிற தமிழக அரசுத் திட்டம் 2021-லிருந்து நடக்கிறது. பிரஷர், சுகர் மாத்திரை மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் நோய்த் தணிப்புப் பராமரிப்பும் கொடுப்பது அதிலேயே இருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் அத்தை பெயரைப் பதிந்து வையுங்கள். காலையில் கூட்டமாக இருக்கும், கேட்டுக்கொண்டே நில்லுங்கள், திரும்பி வந்துவிடாதீர்கள்.

ஆற்காடு ரிட்டையர்டு வாத்தியார்

மகளே, நான் தமிழ் நடத்தியவன், என் அப்பா உபதேசியார். வேதத்தையும் தமிழையும் சேர்த்தே படித்து வளர்ந்தேன்.

பொறுமை என்ற சொல்லைக் கோபப்படாமல் இருப்பது என்று நாம் சுருக்கிவிட்டோம். பொறு என்றால் தாங்கு, சும. பொறை என்ற சொல்லுக்குப் பாரம் என்றே ஒரு பொருள் உண்டு. சுமக்கிறவன் முனகலாம். யாக்கோபு தன் நிருபத்தில், எல்லாவற்றையும் இழந்தும் தாங்கின யோபின் பொறுமையைச் சொல்கிறார். அந்த யோபுவோ மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறான். கடைசி அதிகாரத்தில் கடவுள் கடிந்துகொள்வது அவனுக்கு நல்ல புத்தி சொன்ன நண்பர்களை. யோபு நிதானமாக, அதாவது சரியானதை, பேசினான் என்கிறார். இதைப் பிரசங்கத்தில் நான் அதிகம் கேட்டதில்லை.

எங்கள் பக்கம் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைப் படுக்கப் போட்டிருப்பார்கள். அதன் உயரம் முக்கியம். தலைச்சுமையோடு வருகிறவர் யாரையும் கூப்பிடாமல் சுமையை அதன் மேல் தள்ளிவைக்கலாம், திரும்பப் போகும்போது தானாகவே தலையில் ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளைத்தாய்ச்சியாகவே செத்துப்போன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். இறக்கி வைக்காத சுமையோடு போனவள் என்பதால்.

அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மா ஞாபகம் வரும். வேலூர்க்காரர்களுக்கு நான் அவர் கதை சொல்ல வேண்டியதில்லை. ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து தங்கள் மனைவிகளின் பிரசவத்துக்குக் கூப்பிட்டதும், அவர் டாக்டர் இல்லை என்பதால் போக முடியாததும், ஆண் டாக்டரான அவர் அப்பாவை அவர்கள் ஏற்காததும், விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்ததும் எல்லோருக்கும் தெரியும். நாம் வேகமாகத் தாண்டிப்போகிற இடம் அதற்கு முன்னால் இருக்கிறது. 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த அந்த அம்மாவுக்கு இங்கே ஊழியம் செய்ய விருப்பமே இல்லை. நோயாயிருந்த தாயைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனம் வந்தவர், அமெரிக்காவுக்கே திரும்பிவிடுவது என்றுதான் இருந்தார். தூக்கம் வராத ஒரு ராத்திரிதான் அவரை மாற்றியது. 1900-ல் டாக்டராகத் திரும்பி வந்தார். வந்த சில மாதத்தில் உடன் இருந்து வழிகாட்ட வேண்டிய அப்பா இறந்துபோனார். மனசு முழுக்க இனிப்பாக இருந்து ஆரம்பித்த வேலை இல்லை அது.

வாலாஜா மகள் கேட்டது சரியான கேள்வி. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொன்னார் பவுல். ஒருவரே எல்லார் பாரத்தையும் சுமக்கச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள், பெரியவன் ஒருவன் சொன்னான் என்று.

சத்துவாச்சாரி மருமகள்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கணும்.

முக்காலியை இடது பக்கம் மாற்றிவிட்டேன். மூன்று வருஷமாக அது ஏன் வலது பக்கமே இருந்தது என்று யோசித்தால், நான் வருகிற வழி அது, எனக்கு வசதி. இப்போது அத்தையே இடது கையால் தண்ணீர் டம்ளரை எடுக்கிறார்கள். பாதி சிந்தும், பரவாயில்லை.

இவரிடம் பேசினேன். வாத்தியார் ஐயா எழுதினதை முழுக்கப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “நீ கேக்கவே இல்லியே” என்றார். நான் கேட்கவில்லைதான். கேட்டால் நல்ல மருமகள் இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். இப்போது விடியற்காலை நான்கு மணி முறை அவருடையது. முதல் நாள் அத்தையைத் தூக்கத் தெரியாமல் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார், முழங்காலை மடக்கித் திருப்பச் சொல்லிக்கொடுத்தேன். கொழுந்தனார் இரண்டாவது சனிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். வரட்டும். சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தாயிற்று.

அத்தையிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. போன புதன்கிழமை கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னேன். அன்றைக்குக் கோபத்தில் டம்ளரை அங்கே வைத்தேன், சூடு பட்டது, கொசு இல்லை என்று. வலது கையை எடுத்து அந்தத் தழும்பைக் காட்டினேன். அவர்கள் இடது கை விரலால் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்கள், பீடி நுனியைத் தடவுகிற மாதிரியே. அப்புறம் குழறிக் குழறி, “கொசு அம்மாம் பெருசா கட்ச்சிருக்காதுன்னு தெரியும்மா. நீ அழுதுகினு கீறியேன்னு நான் கேக்கல” என்றார்கள்.

கஞ்சி ஆறியே போய்விட்டது. மறுபடி சூடு பண்ணி, முழங்கையில் தொட்டுப் பார்த்துக் கொடுத்தேன்.

வருகிற ஞாயிறு திருவிருந்து. இவர் முதல் ஆராதனைக்குப் போய்விட்டு வந்து அத்தையிடம் உட்காருவார். நான் இரண்டாவதுக்குப் போகிறேன்.