மொரீஷியஸின் லெ பூஸ் மலை ஏற தினசரி நடை போதுமா? முழங்கால், ஷூ, வழி பற்றி

கேள்வி: கியூர்ப்பிப்_காலைநடை

வணக்கம். தினமும் வேலைக்குப் போகுமுன், எங்கள் ஊர் கியூர்ப்பிப்பிலுள்ள த்ரூ ஓ செர் எரிமலை வாயின் விளிம்புச் சாலையைச் சுற்றி முக்கால் மணி நேரம் நடக்கிறேன். ஆகஸ்டில் அம்மாவையும் 12 வயது மகனையும் கூட்டிக்கொண்டு லெ பூஸ் ஏறலாம் என்று எண்ணம். அம்மாவுக்கு வயது 62, சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். தினமும் கடைக்கும் கோயிலுக்கும் நடந்தே போய்வருவார். இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. இப்போதைய நடை போதுமா, தனியாகப் பயிற்சி வேண்டுமா? படி இறங்கினால் எனக்கு முழங்காலின் முன்பக்கம் லேசாக வலிக்கும். அலமாரியில் பல வருடமாக ஒரு மலையேற்ற பூட்ஸ் கிடக்கிறது, அதையே போடலாமா? எங்களிடம் கார் கிடையாது.

பதில்: சரிவுநடை

மூச்சுக்கு உங்கள் நடை போதும், தொடைக்குப் போதாது. த்ரூ ஓ செர் விளிம்பு கிட்டத்தட்ட மட்டம். மலையில் இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டும்; மட்டச் சாலையில் அந்த வேலை அதற்கு மிகக் குறைவு. பழகாத தசை சீக்கிரம் சோர்ந்துவிடும். சோர்ந்ததும் ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் நேராக முழங்காலுக்குப் போகும், கால் தடுமாறுவதும் அப்போதுதான். அதனால் எட்டு வாரத்தையும் இறக்கத்துக்கென்றே செலவிடுங்கள், ஏற்றம் தானாக வந்துவிடும்.

முதல் இரண்டு வாரம்: விளிம்பைச் சுற்றுவதைக் குறைத்து, ஊரிலிருந்து த்ரூ ஓ செருக்கு ஏறும் சாலையையே இரண்டு மூன்று தடவை ஏறி இறங்குங்கள். அடிகள் குட்டையாக, முழங்கால் சற்று மடங்கியபடி, பாதம் உடம்புக்கு நேர் கீழே விழட்டும். காலை நீட்டி விறைப்பாகக் குதிகாலை ஊன்றி இறங்குவதுதான் முழங்காலைக் கெடுக்கும்.

வீட்டில் வாரம் மூன்று நாள் படிப்பயிற்சி. சுமார் 15 செ.மீ. உயரப் படியின் மேல் ஒற்றைக் காலில் நின்று, மற்ற காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று எண்ணிக்கையில் மெதுவாக இறங்கி, திரும்ப எழ வேண்டும். காலுக்குப் பத்து, அப்படி மூன்று சுற்று. முழங்கால் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக இருக்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்தால் படியின் உயரத்தைக் குறையுங்கள். முன்பக்க வலிக்குப் பெரும்பாலும் இதுவே மருந்து.

மூன்றாம் வாரத்திலிருந்து பையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு, அதாவது மூன்று கிலோ. முழங்கால் வலி இருப்பவர்கள் ஏறும்போது சுமந்துவிட்டு, மேலே போனதும் தண்ணீரை ஊற்றிவிட்டு இறங்கலாம். வலி வராவிட்டால் ஐந்தாம் வாரம் முதல் சுமையோடு இறங்குங்கள். கடைசி வாரம் பாதி அளவு போதும்.

பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் இரண்டு தொடையும் சேர்ந்து வலித்தால் அது தசை வலி, பயப்பட வேண்டாம். ஒரே முழங்காலில் மூட்டுக்குள் வலி, வீக்கம், மடக்க முடியாமல் சிக்கிக்கொள்வது இவையெல்லாம் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

பதில்: அடித்தடம்

பூட்ஸ் பற்றி. போடுமுன் சோதியுங்கள், அதுவும் இப்போதே. மேல்தோலுக்கும் அடிரப்பருக்கும் நடுவிலுள்ள மெத்தைப் பகுதி பல பூட்ஸ்களில் பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி அது உள்ளுக்குள்ளேயே சிதையும், ஒருநாள்கூடப் போடாமல் வைத்திருந்தாலும் சரி. கியூர்ப்பிப் ஈரத்தில் கேட்கவே வேண்டாம். வெளியே புதிதுபோல் இருக்கும். மலையில் அரை மணி நேரம் நடந்ததும் அடிப்பாகம் அப்படியே பிரிந்து விழும். கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்துங்கள்: மெல்லிய வெடிப்புகள் தெரிந்தாலோ, பொடி உதிர்ந்தாலோ, பிசுபிசுத்தாலோ தூக்கி எறிய வேண்டியதுதான். தேறினாலும் நனைந்த சாலையில் ஒரு வாரம் நடந்து பார்த்துவிட்டு நம்புங்கள்.

புதிது வாங்குவதானால் கணுக்கால் மூடும் கனமான பூட்ஸ் தேவையில்லை. நம் மலைகளுக்கு, அடியில் 4 முதல் 5 மி.மீ. ஆழப் பல் உள்ள தாழ்வான ஷூ போதும். பற்கள் நெருக்கமாக இருந்தால் நம் செம்மண் அவற்றுக்கிடையே அப்பிக்கொண்டு அடி வழவழப்பாகிவிடும். இடைவெளி விட்ட பல்லாகப் பாருங்கள். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் போய் வாங்குங்கள். மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறங்கும்போது விரல் இடித்து நகம் கறுக்கும்.

இறங்கத் தொடங்குமுன் நாடாவைத் திரும்பக் கட்டுங்கள். கடைசி இரண்டு துளைகளில் அந்தந்தப் பக்கமே சிறு வளையம் விட்டு, எதிர்ப்பக்க நுனியை அதில் நுழைத்து இழுத்தால் குதிகால் பின்னால் பூட்டிக்கொள்ளும், பாதம் முன்னே சரியாது. முந்தின நாளே நகம் வெட்டிவிடுங்கள். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும்.

பதில்: சரிவுநடை

அடித்தடம் சொன்னதில் ஓர் இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. முன்பே கணுக்கால் பிசகியவர்களுக்கு உயரமான பூட்ஸோ கணுக்கால் பட்டையோ நல்லது. அம்மாவுக்கு அப்படி ஏதும் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் லேசான ஷூவே மேல், அவருக்கு இரண்டு ஊன்றுகோலும் கொடுங்கள். மட்டத்தில் நின்று பிடித்தால் முழங்கை செங்கோணமாக மடங்கும் அளவு நீளம். இறங்கும்போது 5 முதல் 10 செ.மீ. கூட்டிக்கொள்ளலாம். பாறையைக் கையால் பிடித்து ஏற வேண்டிய இடத்தில் கோலை மடக்கிப் பையில் சொருகிவிட வேண்டும், மணிக்கட்டில் தொங்கவிடக் கூடாது.

சர்க்கரை மாத்திரைகளில் சில வகை, நீண்ட நடையின்போது சர்க்கரையை மிகவும் தாழ்த்திவிடும், சில மணி நேரம் கழித்தும்கூட. அன்றைய அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். குளுக்கோஸோ சர்க்கரை போட்ட சாறோ அம்மாவின் சொந்தப் பையிலேயே இருக்கட்டும். காலில் மரத்த உணர்வு இருந்தால் கொப்புளம் வந்தாலும் தெரியாது. மேலே போனதும் காலுறையைக் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள்.

கியூர்ப்பிப்_காலைநடை

நன்றி. பூட்ஸை அழுத்திப் பார்த்தேன், பொடி உதிர்கிறது. வழி பற்றியும் சொல்லுங்களேன். சென் பியேர் ஊர்ப் பக்கம் ஏறி, தலைநகர் போர்ட் லூயி பக்கம் இறங்கினால் நேராக மெட்ரோவில் வீடு திரும்பலாம் என்று நினைத்தோம்.

பதில்: கரும்புக்காட்டுவழி

கார் இல்லாதவர்களுக்கு ஆசை காட்டும் யோசனைதான். மெட்ரோ கியூர்ப்பிப் வரை வருகிறது, டிக்கெட் போக வேறு செலவில்லை. ஆனால் உங்கள் குழுவுக்கு வேண்டாம் என்பேன். உச்சி 812 மீட்டர், போர்ட் லூயி கடல் மட்டம். அந்தப் பக்கம் போனால் கிட்டத்தட்ட முழு உயரத்தையும் முழங்கால் இறங்கியாக வேண்டும். சென் பியேர் பக்கம் தடம் தொடங்குவதே நல்ல உயரத்தில். பஸ்ஸில் சென் பியேர் போய், அங்கிருந்து பெதி வெர்ஜே பக்கத்துத் தொடக்கத்துக்கு டாக்ஸி. திரும்பி வரும் நேரத்தையும் அப்போதே பேசிவிடுங்கள். முதல் தடவை ஏறிய வழியே இறங்குங்கள்.

தொடக்கத்தில் கரும்பு வயல். ஆகஸ்டில் அறுவடை நடக்கும், லாரி வந்தால் ஓரமாக நின்றுவிடுங்கள். வெட்டாத கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் நின்று கிளைப்பாதையை மறைத்துவிடும், எங்கே திரும்பினோம் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு சீனக் கொய்யாப் புதர் வழியே ஏற்றம். அடுத்து முகட்டில் புல்வெளி மாதிரி ஒரு மட்டம், அதற்கு மேல் கட்டைவிரல் மாதிரி நிற்கும் பாறை. அந்தக் கடைசித் துண்டில்தான் கை ஊன்ற வேண்டும். அம்மாவுக்குத் தயக்கம் இருந்தால் மட்டத்திலேயே ஒருவர் துணையோடு உட்கார்ந்துவிடலாம், போர்ட் லூயி முழுக்க அங்கிருந்தே தெரியும். 1836இல் டார்வின் தீவுக்கு வந்தபோது ஏறிய மலையும் இதுதான், மகனிடம் சொல்லுங்கள்.

வழுக்கல்தான் இங்கே முதல் எதிரி. செம்மண் நனைந்தால் எந்த ஷூவும் முழுதாகப் பிடிக்காது. பாசி பிடித்த எரிமலைப் பாறையும் ஈர வேரும் அதைவிட மோசம். வேரின் மேல் மிதிக்காதீர்கள், அதற்கு முன்னாலோ பின்னாலோ மிதியுங்கள். கொய்யாத் தண்டைப் பிடிப்பதானால் பச்சையா என்று பார்த்து அடியோரமாகப் பிடியுங்கள். எந்த மலையிலாவது யாரோ கட்டிவிட்ட கயிறு தொங்கினால் முழு எடையையும் அதில் போட வேண்டாம்: வெயிலில் கிடந்த நைலான் வெளியே தெரியாமலே வலுவிழந்திருக்கும்.

நேரக் கணக்குக்கு 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் உதவும்: ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. 2.5 கி.மீ. தூரமும் 400 மீட்டர் ஏற்றமும் என்றால் 30 நிமிடமும் 40 நிமிடமும் சேர்த்து 70. இது நிற்காமல் நடக்கும் ஆளுக்கு. உங்கள் மூவருக்கும் அதோடு பாதியைக் கூட்டுங்கள். இறக்கத்துக்கும் ஏற்றத்துக்குள்ள நேரத்தையே வையுங்கள், அம்மா முன்னால் நடக்கட்டும். ஆகஸ்டில் ஆறு மணிவாக்கில் இருட்டிவிடும், புதருக்குள் அதற்கும் முன்பே. காலை ஏழரைக்குத் தொடங்கி, எங்கே இருந்தாலும் பதினொன்றுக்குத் திரும்பிவிடுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீர், கூடுதலாக அரை லிட்டர். வாழைப்பழம், பிஸ்தாஸ் (வேர்க்கடலை), எண்ணெய் வடித்த கத்தோ பிமா (மிளகாய்ப் பருப்பு வடை) போதும். கறி ஊற்றிய தால்பூரி (பருப்பு ரொட்டி) பைக்குள் ஒழுகும். மெல்லிய மழைச்சட்டை கட்டாயம், தென்கிழக்குக் காற்று மேகத்தைத் தூக்கி வந்தால் முகடு பத்து நிமிடத்தில் மூடிக்கொள்ளும். முந்தின நாள் பலத்த மழை பெய்திருந்தால் தேதியை மாற்றுங்கள். மஞ்சள் குளவிக் கூடு கண்ணில் பட்டால் கிளையை அசைக்காமல் பின்வாங்குங்கள். போனில் 114 அவசர மருத்துவம், 999 போலீஸ் இரண்டையும் பதிந்து வையுங்கள்.

மகன் பக்கத்திலுள்ள பியேத்தர் போத் மலையைப் பார்த்துவிட்டு அதிலும் ஏறலாம் என்பான். 820 மீட்டர்தான், எட்டு மீட்டர்தான் கூடுதல், ஆனால் உச்சிப் பாறைக்குக் கயிறும் அனுபவமுள்ள வழிகாட்டியும் இல்லாமல் போகக் கூடாது. அவனுக்கு அடுத்த படி வேண்டுமென்றால் பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவில் பெத்ரேனிலிருந்து போகும் மக்காபே காட்டுப்பாதை சரியாக இருக்கும்.