நகலின் பின்பக்கத்தைப் படித்தவர்

முன்னாள் ஜூனியர்:

சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பு வழக்குகளுக்குப் பெயர்போன ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஆறு ஆண்டுகள் ஜூனியராக இருந்தேன். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, ஆகவே சொல்லவில்லை. நாளிதழ்கள் அவரை அடிப்படை உரிமை, ரிட் மனு என்றே பேசினாலும், அவர் தொழில் பழகியது முன்சீப் நீதிமன்றத்துப் பாகப்பிரிவினை வழக்குகளிலும் வரப்புத் தகராறுகளிலும்தான். அந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை.

சேர்ந்த இரண்டாவது மாதம் மேல்முறையீட்டு வழக்குக் கட்டு ஒன்றை என்னிடம் கொடுத்தார். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பின் மீது உயர் நீதிமன்றத்துக்கு வர 90 நாள் கெடு. நாட்காட்டியை வைத்து எண்ணினேன். 11 நாள் தாமதம். உடனே காலவரையறைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும், கட்சிக்காரர் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தார் என்று ஒரு பிரமாணப் பத்திரத்தையும் தயார் செய்து நீட்டினேன். அவர் அவற்றைத் தொடவே இல்லை. தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கித் திருப்பி, பின்பக்கத்தில் குத்தியிருந்த முத்திரையின் மேல் விரலை வைத்தார். மனுப் போட்ட தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. "காப்பி எடுக்க ஆன நாளைக் கழிச்சியாப்பா?" என்றார். 12-ஆவது பிரிவுப்படி அந்த 19 நாளைக் கழித்தால் தாமதமே இல்லை, கெடு முடிய இன்னும் 8 நாள் இருந்தது. "அவருக்கு நிஜமாவே காமாலை வந்ததா?" என்பது அடுத்த கேள்வி. நான் வாய் திறக்கவில்லை. பிரமாணப் பத்திரத்தை அவர் எதிரிலேயே கிழித்துப் போட்டேன்.

அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் திருத்தி மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன கேசவானந்த பாரதி வழக்கை அவர் விளக்கியதும் இதே வழியில்தான். 13 நீதிபதிகள், 68 நாள் வாதம், 1973 ஏப்ரல் 24-இல் ஏழுக்கு ஆறு என்று வந்த தீர்ப்பு ஆகியவற்றைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் காசர்கோட்டை அடுத்த எடநீர் மடத்தின் நிலத்தில் கைவைத்த இடத்திலிருந்து ஆரம்பிப்பார். அடிப்படை உரிமைகளைத் திருத்திக் குறைக்க முடியாது என்று அதற்கு முன் தீர்ப்பான 1967-இன் கோலக்நாத் வழக்கிலும் பஞ்சாபில் ஒரு குடும்பத்தின் நிலம்தானே என்பார். யாருடைய நிலம், எவ்வளவு, என்றைக்குப் போயிற்று என்று தெரியாமல் அடிப்படைக் கட்டமைப்பைப் பற்றி எங்களில் யாரும் அவரிடம் வாய் திறக்க முடியாது.

கட்சிக்காரர் ஒருவரின் மகள்:

1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் நடப்பில் இருந்தபோது எங்கள் நிலத்தை எடுக்க அறிவிக்கை வந்தது. மூத்த வழக்கறிஞராக அறிவிக்கப்பட்டவர் தாமே வக்காலத்துப் போட முடியாது என்பதால், எங்கள் வக்கீல்தான் அப்பாவை அவரிடம் அழைத்துப் போனார். நானும் உடன் சென்றேன். தாத்தா வெட்டிய கிணற்றைப் பற்றி அப்பா சொல்லத் தொடங்கியதை அவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் குறித்துக்கொண்டவை தேதிகள் மட்டும். அவசரம் என்று 17(4)-ஆவது பிரிவைக் காட்டி, நில உரிமையாளரின் ஆட்சேபத்தைக் கேட்கும் 5-ஏ விசாரணையை அரசு தவிர்த்திருந்தது. அந்தக் கோப்போ அறிவிக்கைக்கு முன் 14 மாதங்கள் அலுவலகத்தில் கிடந்திருந்தது. நீதிமன்றத்தில் அவர் அந்த 14 மாதங்களைத் தவிர வேறெதையும் பேசவில்லை, அறிவிக்கை ரத்தாயிற்று.

இனிப்போடு போன அப்பாவிடம் அவர் சொன்னது எனக்கு அப்போது உறைக்கவில்லை. "ஐயா, இது நிலத்தைக் காப்பாத்துற வழக்கு இல்லை. உங்களைக் கேட்டுட்டு எடுக்க வைக்கிற வழக்கு." மூன்று ஆண்டுகள் கழித்து அரசு முறைப்படி விசாரணை நடத்தி நிலத்தை எடுத்துக்கொண்டது. அப்பா அவரைக் குறை சொன்னதே இல்லை. இழப்பீட்டு வழக்குக்கும் அவரிடமே போனார்.

எதிர்த்தரப்பில் நின்ற ஒருவர்:

அவருடைய வாதம் மெதுவாக நகரும், நீதிபதிகள் சிலர் பொறுமையிழப்பார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். என் அனுபவம் சிறியது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு 1976-இல் திருத்தப்பட்டபின், கணிசமான சட்டக் கேள்வி இல்லாமல் இரண்டாவது மேல்முறையீடு நிற்காது. அப்படியொரு வழக்குக் கட்டை, இதில் கேள்வியே இல்லை என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது என்னிடம் வந்தது. நான் மூன்று கேள்விகளை ஜோடித்துத் தாக்கல் செய்தேன். வழக்கை விசாரணைக்கு ஏற்கலாமா என்று பார்க்கும் அட்மிஷன் நிலையிலேயே, ஐந்து நிமிடத்துக்குள், தள்ளுபடி. தம் வழக்குக்காக அவர் முன்வரிசையில் காத்திருந்தார். கட்டை எடுத்துக்கொண்டு நான் திரும்பியபோது கீழே நழுவிய ஒரு தாளைக் குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடியும் அன்றைய வழக்குகளின் பட்டியலான காஸ் லிஸ்டைப் பார்க்கலானார்.